திரும்பிப் போகும்வரை ஒரு பாத்ரூம்

முருங்கைக்காய் வேண்டுமென்றால் பறித்துக்கொண்டு போக வேண்டியதுதானே? பாத்ரூம் சுவரை ஒட்டி யார் மரம் வைத்தது, அத்தனை வருடம் ஏன் வைக்கவில்லை என்பதெல்லாம் உனக்கு எதற்கு? வீட்டில் அடுப்பு வேலை இல்லையா? சரி, உட்கார். கேட்டுவிட்டுத்தான் போவாய் என்று உன் மூஞ்சியே சொல்கிறது.

ஆரம்பாக்கம் பக்கம் எங்கள் குடிசைகள் இருந்த இடத்தில் கம்பெனி வந்தது. எங்களை இந்தக் காலனிக்கு அனுப்பினார்கள். அந்த வருடப் பிறப்புக்குச் சர்ச் ஆராதனையில், வழக்கம்போல, தட்டில் பைபிள் வசன அட்டைகள் வந்தன. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். கையில் வருவதுதான் அந்த வருடத்துக்குக் கடவுள் தரும் வாக்கு. எனக்கு 'பயப்படாதே' என்று வந்தது. என் வீட்டுக்காரரோடு குடும்பம் நடத்துகிறவளுக்குப் பொருத்தம்தான். அவருக்கு வந்தது, சிறைப்பட்டுப் போன ஜனத்தைச் சொந்த இடத்துக்கே திரும்பக் கொண்டுவருவேன் என்ற வசனம்.

மனுஷன் அட்டையை வாசல் நிலையில் ஒட்டினார். அன்றோடு சரி. ஒரு செடி வைக்கவில்லை, ஒரு செங்கல் வாங்கவில்லை. பித்தளை அண்டாவைக் கட்டிக்கொண்டு வந்த சாக்கைக்கூட அவிழ்க்க விடவில்லை. வருடா வருடம் புது அட்டை வந்தது. அவர் பழையதை மாற்றவே இல்லை.

பின்பக்கம் நான்கு கம்பும் தென்னங்கீற்றும்தான் எங்கள் குளியலறை. மருமகளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்த நேரம், ஒரு காற்றில் கீற்றெல்லாம் பறந்துவிட்டது.

"அத்தே, செவுரு வெச்ச பாத்ரூம் வேணும். இல்லாங்காட்டி நாங்க கும்மிடிப்பூண்டியில வாடகைக்குப் போறோம்" என்றாள்.

"ஊருக்குப் போயி பெர்சா கட்டிக்கலாம்மா. இப்ப இன்னா அவசரம்?" என்றார் இவர்.

மகன் அங்கே தான் வேலை செய்கிற கம்பெனிக்குப் பக்கத்தில் வீடும் பார்த்துவிட்டான். பேரப்பிள்ளை என் வீட்டில் தவழுமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

நான் சொன்னால் இவர் கேட்க மாட்டார். கடவுள் சொன்னால் கேட்பார். எனக்குப் படிப்பு கையெழுத்தோடு சரி. ஆனால் அட்டையில் இருப்பது ஒரு வரி. அதற்கு முன்னால் கடவுள் சும்மாவா இருந்திருப்பார்? புதன்கிழமை வீட்டு ஜெபத்துக்குப் பாஸ்டர் வந்தபோது, டீயைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"ஐயா, நெலையில ஒட்டிக்கிற வசனத்துக்கு முன்னாடி இன்னா கீது? அந்த அதிகாரத்த மேலருந்து படிங்க. அப்பத்தான் டீ."

பாஸ்டர் சிரித்துக்கொண்டே படித்தார். பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்குத் தீர்க்கதரிசி மூலமாகக் கடவுள் சொல்கிறார்: போன இடத்திலேயே வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டுச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள். அந்த ஊர் நன்றாக இருக்க வேண்டிக்கொள்ளுங்கள். எழுபது வருடம் கழித்துத்தான் திரும்பக் கூட்டி வருவேன்.

"எழுபதா?" என்றார் இவர். "அப்போ அட்டையில போட்டது பொய்யா?"

"பொய் இல்லண்ணே. இட்டுக்கினு வருவேன்னு சொன்னதும் அவர்தான். அதுவரிக்கும் ஊடு கட்டிக்கினு இருன்னு சொன்னதும் அவர்தான்" என்றார் பாஸ்டர்.

"அவ்ளோ நாளு நான் இருக்க மாட்டனே."

அந்தக் குரல் என்னை என்னவோ செய்தது. அதற்காக வாயை மூடிக்கொள்ளவும் முடியவில்லை.

"நீ போவாட்டி இன்னாய்யா? இவ வயித்துல கீற புள்ள போவும். கெழவனாயி உன்ன மாரியே மொணகிக்கினு போவும். அதுக்கு மொதல்ல அது இங்க வளரணும்ல?"

மருமகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாஸ்டருக்கு ஆறிப்போன டீதான் கிடைத்தது.

மறுநாள் காலையில் சைக்கிளில் போனவர் வெயில் ஏறித் திரும்பினார். கேரியரில் ஒரு முருங்கைக் கிளை. எங்கள் பழைய குடிசையின் மரம் கம்பெனி மதிலுக்கு வெளியே தப்பி நிற்கிறதாம். குளிக்கிற தண்ணீர் போகிற பக்கமாகப் பார்த்து அதை நட்டார். சாக்கை அவிழ்த்து அண்டாவை மருமகள் முன்னால் வைத்தார்.

"தண்ணி காய வெச்சிக்கம்மா."

பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு அஸ்திவாரம் தோண்டப் போனார். நிலையிலிருந்த அட்டையை மட்டும் எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

சுவர் எழும்புவதைப் பார்த்துத் தெருப் பெண்கள் வந்து நின்றார்கள். "இன்னாக்கா, அப்ப ஊருக்குப் போவலியா?"

"போவோம்டி" என்றேன். "குளிச்சிட்டுப் போவோம்."