ஒரு கண்ணுக்குத் தூரம், ஒரு கண்ணுக்குக் கிட்டம்

நாற்பத்தாறு வயதில் இன்றுதான் முதன்முறையாகக் கண்ணில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

வண்டன்மேட்டு ஏலத்தில் காய் வாங்கும் எனக்குக் கையிலிருக்கும் ஏலக்காயும் தெரிய வேண்டும், எதிரே திரையில் ஓடும் விலையும் தெரிய வேண்டும். கண்ணாடியை மாட்டிக் கழற்றுவதற்குள் ஏலம் முடிந்துவிடுகிறது. போன வாரம் போட்டிக்கு உட்கார்ந்திருந்த வியாபாரியிடமே, "காய் வெடிச்சிருக்காண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

கட்டப்பனைக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்த பெண் சொன்னார்: "வலது கண்ணுக்குத் தூரம், இடது கண்ணுக்குக் கிட்டம் சேச்சி. வேண்டியதை மூளை எடுத்துக்கும்."

"எல்லார் மூளையுமா?"

"சிலருக்குப் பிடிக்காது. அவங்களுக்கு ரெண்டு பவரும் ஒண்ணா சேந்த லென்ஸ் இருக்கு. முதல்ல இதப் போட்டுப் பாருங்க."

போட்டதும் பையிலிருந்து எடுத்த ஏலக்காயின் கீறல் தெரிந்தது. சாலைக்கு அப்பால் பேருந்தின் பலகையும் தெரிந்தது. படியிறங்கும்போது மட்டும் கால் தயங்கியது. கூட வந்த கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப என்னையப் பாக்குறது எந்தக் கண்ணு?" என்றார்.

"கிட்ட வந்தா இடது, தள்ளி நின்னா வலது."

ஒரு வாரம் போட்டுப் பார்க்க வாங்கி வந்திருக்கிறேன்.

இந்த லென்ஸ் போட்டவர்கள் சொல்லுங்கள், பழக எத்தனை நாளாகும்? எனக்கில்லை, வீட்டுக்காரருக்கு. வந்ததிலிருந்து மனிதர் கிட்டேயும் வராமல் தள்ளியும் போகாமல் நடுவிலேயே நிற்கிறார்.