ஒரே கிண்ணத்தில் ஐந்து பேர்

“உவளிட்டையோ நாங்கள் இங்கிலீஷ் படிக்கிறது?”

அன்ரி இதை என் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார். ஆனால் நான் அப்போது கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் ஒன்றைச் சொல்வது ஒலிபெருக்கியில் சொல்வது மாதிரி. பன்னிரண்டு பெண்கள் இருந்த அறையில் யாரோ இருமினார்கள். நான் எழுத வேண்டியதை எழுதி, அடிக்கோடும் இட்டு, திரும்பி, அதை வாசிக்கும்படி அன்ரியைத்தான் கேட்டேன். வாசித்தார். உச்சரிப்பும் பரவாயில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தென் லண்டன் நோர்பரியில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களின் சங்கம் ஒன்றின் மண்டபத்தில் புதன்கிழமைகளில் அந்த வகுப்பு நடந்தது. அன்ரி சங்கத் தலைவரின் மனைவி. ஊரில் என்றால் நான் அவரை நாச்சியார் என்று கூப்பிட வேண்டியிருந்திருக்கும். லண்டனில் எல்லோரும் அன்ரிதான். அது எனக்குப் பெரிய வசதி.

முதல் நாளே என்னை விசாரித்து முடித்துவிட்டார்.

“பிள்ளை எவ்விடம்?”

ஊரின் பெயரைச் சொன்னேன்.

“ஊரில எவடம்?”

கோயிலிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று அவர் மனதுக்குள் அளக்கத் தொடங்கியது தெரிந்தது. அளந்து களைக்க வேண்டாமே என்று மிச்சத்தை நானே சொன்னேன்.

“அப்பா சீவல்தொழில் செய்தவர் அன்ரி, பனைக் கள்ளு. எங்கட வளவுக்குள்ளேயே இருபது பனை நிண்டது.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போனது மட்டுமல்ல, ஏ. எல். பரீட்சையில் எல்லாப் பாடமும் சித்தியடைந்தேன். இதைத் தன்னடக்கத்தோடு சொல்லும் வழி எனக்குத் தெரியவில்லை. ஆகவே அப்படியே சொல்கிறேன்.

அப்போது பகலில் ஒரு சுப்பர்மார்க்கெட்டின் பின்பக்கத்தில் நின்று கோழித் துண்டுகளுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பு ஆறு வாரப் பரீட்சார்த்தம், நான் தொண்டர். கவுன்சிலின் கல்விப் பிரிவிலிருந்து பெரிய காதணிகள் போட்ட ஓர் ஆங்கிலேயப் பெண்மணி ஒழுங்குபடுத்தியிருந்தார். அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: மாத முடிவுக்குள் பத்துப் பேர் பதிவுப் படிவத்தில் கையெழுத்திட்டால் வகுப்பு நிரந்தரமாகும், நான் சம்பளம் வாங்கும் ஆசிரியர். ஒன்பது பேர் என்றால் நான் கோழியோடு நிற்க வேண்டியதுதான்.

மற்றப் பதினொரு பேரும் அன்ரியைப் பார்த்தார்கள். அன்ரி படிவத்தைப் பார்த்தார். “பாப்பம்” என்றார். ஒவ்வொரு புதனும் அதே “பாப்பம்”தான்.

அந்த வேளையில்தான் காதணிக்காரி ஓர் அழைப்போடு வந்தார். மேற்கு லண்டனில் ஒரு நூலகத்தின் மாடியில், சனிக்கிழமை முழுநாளும் யப்பானியக் கலைகள், கைவேலைகள், சாப்பாடு. எங்கள் வகுப்புக்கு ஐந்து இடம். நான் மொழிபெயர்ப்பாளராகப் போக வேண்டும், மற்ற நால்வரை வகுப்பு தெரிவு செய்யட்டும் என்றார். அன்ரி தன்னைத் தானே தெரிவு செய்தார். தோர்ன்ரன் ஹீத்தில் சேலைக்கடை வைத்திருந்த இரண்டு சகோதரிகள் அன்ரி போனால் தாங்களும் என்றார்கள். அவர்கள் எதற்கும் அப்படித்தான். நான்காவது, சான்விச் தொழிற்சாலையில் வேலை செய்த மன்னார் அக்கா. “நான் யப்பான்காரன்ர மீனைப் பாக்கத்தான் வாறன்” என்று அவர் முதலே அறிவித்துவிட்டார்.

விக்ரோறியாவில் இறங்கிப் பாதாள ரயிலில் மாறும்போது அன்ரி நினைவூட்டினார்: “இண்டைக்குப் புரட்டாதிச் சனி. எனக்கு விரதம். மச்சம் கிச்சம் வந்தாலும் எண்டு முதல்ல கேட்டுச் சொல்லவேணும் நீ.”

“ஓம் அன்ரி.”

முதல் அறையில் தூரிகை எழுத்து. கறுப்பு மை, தடித்த தூரிகை, மெல்லிய தாள். கற்பித்தவர் மெலிந்த யப்பானியப் பெரியவர். ஒற்றைக் கோடு ஒன்றை இழுத்துக் காட்டி, அதேபோல் இழுக்கச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். எல்லோரும் கோடு இழுத்தார்கள். அன்ரி மட்டும், வெள்ளைத் தாளைக் கண்டதும் கை தன்பாட்டில் போய், உச்சியில் ஒரு பிள்ளையார் சுழியைப் போட்டுவிட்டார். அவருடைய கணவர் சங்கத்தின் கூட்டக் குறிப்பிலும் போடுவார், பால்காரனுக்கு எழுதும் துண்டிலும் போடுவார், குடும்பப் பழக்கம்.

பெரியவர் அதன் முன்னே நின்றார். தலையைச் சாய்த்தார். மற்றப் பக்கமும் சாய்த்தார். பிறகு தாளை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் ஒட்டினார்.

“அப்ப நான் சிலுவை போட்டிருக்கலாம்” என்றார் மன்னார் அக்கா.

“பாத்தியளே?” அன்ரி சகோதரிகளிடம் திரும்பினார். “ஒரு சொல்லு இங்கிலீஷ் கதைக்கேல்லை. சுவரில ஏத்திப்போட்டினம். இதுக்கு வகுப்பு வேணுமோ?”

சகோதரிகள் வேண்டாம் என்று தலையாட்டினார்கள். பையிலிருந்த படிவம் எனக்குக் கனத்தது. பிள்ளையார் இப்படிக் கட்சி மாறுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த அறையில் மண்பாண்டங்கள். பக்கத்தில் கைபிடியும் முன்னால் மூக்கும் வைத்த தேநீர்ப் பாத்திரம் ஒன்றைக் கண்டு, “எங்கட மூக்குப்பேணியைக் களவெடுத்திட்டாங்கள்” என்று அன்ரி தீர்ப்பளித்தார். அதை மொழிபெயர்க்கும்படி கண்ணால் சைகையும் செய்தார். “அழகாக இருக்கிறது என்கிறார்” என்று மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பாளருக்கு இருக்கும் அதிகாரம் எவ்வளவு பெரியது என்பது அன்றுதான் எனக்குப் பிடிபட்டது.

மதியம் சாப்பாடு. அறைகள் போட்ட பெட்டியில் ஆறிய சோறு, மஞ்சள் ஊறுகாய், கறுப்புக் கடற்பாசி, இனிப்பாக அவித்த பூசணி. கூடவே மூடி போட்ட சிறு கிண்ணத்தில் சூடான சூப். பரிமாறிய பெண்மணியிடம் போய், இதில் மீனோ இறைச்சியோ உண்டா என்று கேட்டேன். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கடற்பாசியும் சோயாக் கட்டியும்தான் என்றார். வந்து சொன்னேன்.

அன்ரி குடித்தார். சப்புக்கொட்டினார். இரண்டாவது கிண்ணம் கேட்டார். “நல்ல கைப்பக்குவம். வெள்ளைக்காரனைப் போல இல்லை, வாய்க்கு உறைப்பில்லாட்டிலும் ஒரு குணம் இருக்கு.” மூன்றாவது கிண்ணம் பாதியில் இருக்கும்போதுதான் மன்னார் அக்கா தன் கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். மூக்கைக் கொண்டுபோனார்.

“இது மாசியெல்லோ.”



“விசர்க் கதை கதையாதை” என்றார் அன்ரி.

“அன்ரி, நான் கருவாட்டுக்குள்ள பிறந்தனான். இது மாசி.”

நான் திரும்பவும் போய் விசாரித்தேன். அந்தப் பெண்மணி மிகுந்த மகிழ்ச்சியோடு, கருகிய விறகு போல் காய்ந்த மீன் துண்டு ஒன்றையும் சீவுளி வைத்த மரப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். சீவிக் காட்டினார். அந்தச் சீவலைக் கொதிநீரில் போட்டு எடுத்த சாறுதான் சூப்பின் அடி. அது அவர்களுக்கு மீன் கணக்கில் வராதாம், ருசிக் கணக்கில் வருமாம். கொழும்புச் சம்பலில் இடித்துப் போடும் அதே மாசிதான். மணம்கூட மாறவில்லை.

“நீ வேணுமெண்டுதான் செய்தனீ” என்றார் அன்ரி என்னைப் பார்த்து. குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் மோசம்.

“கேட்டுத்தானே அன்ரி சொன்னனான்.”

“வேணுமெண்டு செய்யிறவள் மாசியோட நிப்பாளோ? ஆட்டெலும்பெல்லோ போட்டிருப்பாள்” என்றார் அக்கா. உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

சகோதரிகள் தங்கள் கிண்ணங்களைத் தள்ளிவைத்தார்கள். அவர்களுக்கு விரதம் எதுவும் இல்லை. என் மனதில் கோழித் துண்டுகள் வரிசையாக வந்து நின்றன.

கடைசியாகத் தேநீர் அறை. பாய் விரித்த சிறு அறை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். அது ஒன்றுதான் அன்று அன்ரிக்கு முழுத் திருப்தி தந்த விடயம். காதணிக்காரி ஓரமாக, குறிப்புப் புத்தகத்தோடு, கால் மடக்க முடியாமல் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். தேநீர் தரும் அம்மையார் சாம்பல் நிறக் கிமோனோவில் முழங்காலில் வந்து வணங்கினார்.

அன்ரி நேராகப் படம் தொங்கிய மாடத்துக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டார். அது முதல் விருந்தாளியின் இடம். முதல் இடம் எது என்பது அன்ரிக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். அம்மையார் மென்மையாக ஆங்கிலத்தில் விளக்கினார்: முதல் விருந்தாளி என்பவர் மற்ற எல்லோருக்காகவும் உபசரிப்பவரோடு பேச வேண்டியவர். ஆகவே மொழி தெரிந்தவர் அங்கே இருக்கட்டும்.

இதை அன்ரிக்கு மொழிபெயர்த்தது என் வாழ்க்கையில் நான் செய்த மிக நேர்மையான மொழிபெயர்ப்பு. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

அன்ரி ஒரு சாண் நகர்ந்தார். நான் முதலாவது, அன்ரி இரண்டாவது. பிறகு அக்கா, பிறகு சகோதரிகள்.

பச்சைத் தேயிலைத் தூளைக் கிண்ணத்தில் போட்டு, கொஞ்சமே கொஞ்சம் வெந்நீர் விட்டு, மூங்கிலைக் கீறிச் செய்த தூரிகையால் அம்மையார் குழைத்தார். நுரைக்கவில்லை, கூழ் பதத்துக்கு வந்தது. கிண்ணம் ஒன்றுதான். வழமையாக வெளியாட்களுக்கு ஆளுக்கொரு கிண்ணத்தில் ஐதான தேநீர் கொடுப்பதாம். இன்று எங்களுக்குச் சிறப்பாக, ஐந்து பேரும் ஒரே கிண்ணத்தில் குடிக்கும் தடித்த தேநீர். மூன்று மிடறு குடித்து, வாய் வைத்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும்.

நான் மொழிபெயர்த்தேன். அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினார்.

வாயை நன்றாகவே வைத்துக் குடித்தேன். குளத்துப் பாசியைக் காய்ச்சியது போல ஒரு கசப்பு. துடைத்தேன். கிண்ணத்தைத் திருப்பி, இரண்டு கைகளாலும் அன்ரியிடம் நீட்டினேன்.

அன்ரி வாங்கினார். முகத்தில் சிரிப்பு மாறாமல் தமிழில் சொன்னார்:

“எனக்கு விரதம் எண்டு சொல்லு.”

“மாசி தாங்கின விரதம், தேத்தண்ணியைத் தாங்காதே அன்ரி?”

“சொல்லடி.”

“நீங்களே சொல்லுங்கோ. மூண்டாம் கிழமை படிச்சனாங்கள்தானே.”

அம்மையார் காத்திருந்தார். காதணிக்காரியின் பேனை காத்திருந்தது. அன்ரி மறுக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. அவர் செய்தது வேறு. கிண்ணத்தை உதட்டில் படாமல் நெற்றிக்கு மேலே உயர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, அண்ணாந்து ஊற்றினார்.

தண்ணீர் என்றால் விழும். மோர் என்றாலும் விழும். இது கூழ். ஒன்றும் விழவில்லை. அன்ரி கிண்ணத்தை இன்னும் சரித்தார். அறையில் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். கிண்ணத்தின் விளிம்பில் பச்சை நாக்கு ஒன்று எட்டிப் பார்த்தது, யோசித்தது, பிறகு பாதிக்கு மேல் ஒரே வழுக்கில் இறங்கி வந்தது. வாய்க்குள் கொஞ்சம். மூக்கில் கொஞ்சம். மிச்சம் காஞ்சிபுரத்தில்.

அம்மையாரின் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. துணி கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, முதல் விருந்தாளி என்ற முறையில், என்னிடம் கேட்டார்: “உங்கள் நாட்டில் இப்படித்தான் குடிப்பீர்களா?”

எனக்கு முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன. ஓம், அது எங்கள் மரியாதை என்று சொன்னால் அன்ரி பிழைத்தார். புதன்கிழமை ஒருவேளை கையெழுத்தும் விழும். பத்துப் பெயர், சம்பளம், கோழிக்கு விடைகொடுத்தல் எல்லாம் அந்த ஒரு பொய்யில் இருந்தன. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“எல்லோரும் இல்லை” என்றேன் ஆங்கிலத்தில், வகுப்பில் பேசுவது போல மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. “தனக்கு முதல் அந்தக் கிண்ணத்தில் வாய் வைத்தவர் யாரென்று பார்த்துச் சிலர் இப்படிக் குடிப்பார்கள். இன்று நான் வைத்தேன்.”

காதணிக்காரியின் பேனை நின்றுவிட்டது. அன்ரியின் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது. நான் சொன்னது முழுக்க, ஒரு சொல் தவறாமல், அவருக்கு விளங்கியிருந்தது. நான் நன்றாகத்தான் படிப்பித்திருந்தேன்.

அம்மையார் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் மன்னார் அக்கா அதை வாங்கி, “மிச்சம் கிடக்கு, வீணாக்கக் கூடாது” என்று வாயை வைத்து ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது. “கோதாரி, வேப்பெண்ணை.” துடைத்துவிட்டுச் சகோதரிகளிடம் நீட்டினார்.

மூத்தவர் அன்ரியைப் பார்த்தார். அன்ரி சேலையைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பார்க்க முகம் கிடைக்காத அந்த ஒரு கணத்தில் மூத்தவர் தன்பாட்டில் குடித்துவிட்டார். இளையவரும் குடித்தார்.

திரும்பி வரும் ரயிலில் அன்ரி எங்களுக்கு எதிரே, யன்னல் பக்கமாக, கைப்பையால் பச்சைக் கறையை மறைத்துக்கொண்டு இருந்தார். பல்ஹாம் தாண்டியதும் வாயைத் திறந்தார்.

“சங்க மண்டபம் இனிப் புதன்கிழமையில கிடையாது. அவரிட்டச் சொல்லப்போறன்.”

“சொல்லுங்கோ அன்ரி” என்றேன். கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து மடியில் விரித்தேன். அக்கா கையெழுத்திட்டார். சகோதரிகள் ஒருவரையொருவர் பார்த்து, பேனையை வாங்கினார்கள். மூன்று பெயர். அன்ரி யன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் அவரிடம் நீட்டவில்லை.

நான் வீட்டுக்கு வரமுதலே அன்ரியின் டெலிபோன் வேலை செய்யத் தொடங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வகுப்பின் மிச்சப் பெயர்கள் போய்விட்டன என்றே வைத்துக்கொண்டேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்த நேரத்தில், அக்காவின் கத்தோலிக்கக் கோயில் வாசலில் போய் நின்றேன். என்னைச் சுற்றி வந்தவர்களில் ஒருவர் வழமைபோலக் கேட்டார், ஊரில எவடம் என்று. சொன்னேன். “அதுக்கென்ன, வகுப்பு எத்தனை மணிக்கு?” என்று கேட்டபடி அவரிடமிருந்து பேனையைப் பறித்தார் இன்னொருவர். எட்டுப் பெயர் சேர்ந்தது. கோயில் மண்டபத்தின் பின்னறையைப் புதன்கிழமைகளில் தருவதாகப் பாதிரியார் ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை சுப்பர்மார்க்கெட்டுக்கு உடம்பு சுகமில்லை என்று சொல்லிவிட்டு, கவுன்சில் கட்டடத்தில் காதணிக்காரியின் மேசைக்குப் போனேன். பதினொரு பெயருள்ள படிவத்தை வைத்தேன். அவர் எண்ணத் தொடங்கினார். அவர் எண்ணி முடிக்கமுதல் இரண்டாவது படிவத்தையும் பக்கத்தில் வைத்தேன்: ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ், இரண்டு வருடம், மாலை வகுப்பு. நிரப்பி, கையெழுத்தும் இட்டிருந்தேன்.