முனிகிருஷ்ணனின் இடது தொடை

நான் நான்காம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி ‘தானியேல் மேஸ்திரி பட்டறை’ என்று சொல்லிப் பாருங்கள், ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து விடுவார். ரோலிங் மில்லில் செக்கச்செவேலென்று ஓடிவரும் கம்பியைப் பிடிக்க நீள இடுக்கி வேண்டும். இந்த வட்டாரத்தில் என் பட்டறை இடுக்கிதான் நாள்பட நிற்கும். மில்காரர்களே சொல்வார்கள். அவர்கள் மறந்தால் நான் சொல்வேன்.

ஆனால் இங்கே எழுத வந்தது என் கதை அல்ல. என் எதிரில் இருபத்து மூன்று வருஷமாகச் சம்மட்டி அடிக்கிற முனிகிருஷ்ணனின் கதை.

எங்கள் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உலையில் காய்ந்த இரும்பைப் பட்டறைக்கல்லின் மேல் பிடித்துக்கொண்டு, சின்னச் சுத்தியால் நான் ஓர் இடத்தில் தட்டுவேன். எதிரில் நிற்பவன் அதே இடத்தில் சம்மட்டியை இறக்க வேண்டும். கல் என்பது பேச்சுக்குத்தான். அது முழு இரும்பு. ஒரு பக்கம் மாட்டுக் கொம்பு மாதிரி நீண்டிருக்கும். அசந்து நடந்தால் அந்தக் கொம்பு தொடையில் பாயும். நாற்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட இடித்துக்கொண்டதில்லை.

முனிகிருஷ்ணனுக்கு ஆரணிக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். அவன் நாற்று நட்ட நிலத்தைச் சுற்றிக் கம்பெனி மதில் எழும்பியபோது, மண்வெட்டியை என் பட்டறையில் தட்டித் தீட்டக் கொண்டுவந்தவன், “இனிமே இத வெச்சிகினு இன்னா பண்ணப் போறேன்?” என்று இங்கேயே நின்றுவிட்டான். முதல் நாளே அவன் அடித்த அடியில் இடுக்கி என் கையை விட்டுப் பறந்து தண்ணீர்ப் பீப்பாயில் விழுந்தது. மூன்றே மாதத்தில் அவனை ஆளாக்கினேன். வேறு யாராலும் முடிந்திருக்காது.

தினமும் காலையில் அவன் கல்லுக்குக் குங்குமம் வைப்பான், நான் அதன் பக்கத்தில் நின்று ஜெபம் செய்வேன். “ஒன்னு சரியா போய்ச் சேரலன்னாலும் இன்னொன்னு போய்ச் சேர்ந்துரும் மேஸ்திரி” என்பான்.

போன ஆடியில் அவனுக்குக் கொம்பு இடிக்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு என்று ஆவணி முடிவதற்குள் பதினோரு தடவை. எல்லாம் இடது தொடை. கன்றிப்போய் நாவற்பழ நிறத்தில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் வலியைப் பார்க்காமல், கால் பட்ட கல்லைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வான்.

எங்களுக்கு ஆர்டர் தருகிற கம்பெனியிலிருந்து சுமலதா என்ற பெண் மாதா மாதம் பாதுகாப்புச் சோதனைக்கு வருவார். முதலுதவி நோட்டைப் புரட்டியவர் நிமிர்ந்தார்.

“இன்னா சார் இது? ஒரே ஆளு, ஒரே காலு, பதினோரு தடவ! அடுத்த மாசம் நான் வரும்போது இவர் பேரு இந்த நோட்டுல மறுபடி இருந்துச்சுன்னா, இவரை அந்த இடத்துலேர்ந்து மாத்திடுங்க. இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அவர் போனதும் முனிகிருஷ்ணன் சிரித்தான். ஆனால் முகம் சரியில்லை.

“என்னை எங்க மாத்துவ மேஸ்திரி? நோட்டு எழுத வைப்பியா?”

“உனக்கு உன் பேரே எழுத வராது.”

“நீ மட்டும் இன்னா, தானியேல்னு எழுதச் சொன்னா தாயேல்னு எழுதுற.”

பேச்சு விளையாட்டுத்தான். ஆனால் சம்மட்டி தவிர அவனுக்கு வேறு வேலை தெரியாது. ஐம்பத்தேழு வயசில் எந்தக் கம்பெனி கேட்டில் போய் நிற்பான்? ஒரு மாதம் இருந்தது. தானியேலுக்கு ஒரு மாதம் ஜாஸ்தி என்று நினைத்தேன்.

கல்லைத் திருப்பிக் கொம்பைச் சுவர்ப் பக்கம் வைத்தேன். லாரி டயர் டியூபை வெட்டிக் கொம்புக்கு உறை போட்டேன். கல்லைச் சுற்றி மூன்றடிக்குத் துண்டு இரும்பு ஒன்றுகூடக் கிடக்காமல் பெருக்கி, தரையில் மஞ்சள் பெயின்ட்டால் வட்டம் போட்டேன். பக்கத்துக் கம்பெனி என்ஜினீயர் ஒருவர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பி.இ. படித்தவர்.

பத்து நாள் ஒன்றும் இல்லை. பதினோராவது நாள் முனிகிருஷ்ணன் தண்ணீர்ப் பீப்பாயில் இடித்துக்கொண்டான். மறுநாள் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸின் கைப்பிடியில். இரண்டும் இடது பக்கம். அவனை அனுப்ப மனசில்லாமல் இரண்டையும் நான் நோட்டில் ஏற்றவில்லை. தப்புத்தான். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

“கண்ணை எங்கடா வெச்சிகினு நடக்கிற?”

ஒன்று கேட்டால் ஒன்பது பதில் சொல்கிறவன். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு உலைக்குக் கரி தள்ளினான். கண் என்றதும் அவன் தலை குனிந்ததும், இடிப்பதெல்லாம் இடது பக்கம் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டீ வந்தது. அவன் கிளாஸை எடுத்து அவனுக்கு இடது பக்கமாகச் சத்தம் இல்லாமல் நீட்டினேன். வாங்கவில்லை. இன்னும் கிட்டே, காதுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோனேன். உலையையே பார்த்துக்கொண்டிருந்தான். மெல்ல முன்னால் நகர்த்தினேன். மூக்குக்கு நேரே வந்ததும் திடுக்கிட்டு வாங்கினான்.

“எத்தனை நாளாடா இந்தக் கண்ணு தெரியல?”

“தீபாவளி வந்தா ரெண்டு வருசம். ஆடியிலேர்ந்து சுத்தமாத் தெரியல.”

இரண்டு வருஷமாக என் மணிக்கட்டுக்கு ஒரு ஜாண் தள்ளி அந்தச் சம்மட்டி இறங்கியிருக்கிறது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறல்கூட இல்லை.

“அதுக்கு இன்னாத்துக்குக் கண்ணு?” என்றான். “உன் சுத்தி எங்க சத்தம் போடுதோ அங்க அடிக்கிறேன். நடக்கும்போதுதான் பேஜாரு.”

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“காட்டி இன்னா ஆவப்போவுது? நான் கல்லைத் தாண்டினவன் மேஸ்திரி. கல்லுதான் கண்ணை எடுத்துகிச்சு. இப்ப இடிக்கிறதும் அதுதான். வாங்கிக்க வேண்டிதுதான்.”

எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழைத் தண்ணீர் பட்டறைக்குள் வந்திருந்தது. உலைக்குக் காற்று ஊதுகிற மோட்டாரைத் தொட்டேன். கரண்ட் என்னைப் பிடித்துக்கொண்டது. சுற்றிவர நேரமில்லாமல் முனிகிருஷ்ணன் கல்லையே தாண்டிப் பாய்ந்து ஸ்விட்சை அணைத்தான். பட்டறைக்கல்லைக் காலால் தாண்டுவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். நான் பிழைத்ததில் அதை மறந்தே போனேன். அவன் மறக்கவில்லை. சில நாள் கழித்துப் பார்வை மங்கியதும் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டான். ஒவ்வொரு இடிக்கும் கரிக் கையைக் கண்ணில் ஒற்றியது மன்னிப்புக் கேட்டுத்தான்.

நெருப்பின் நிறத்தைப் பார்த்தே இரும்பின் பதம் சொல்கிறவன் நான். இருபத்து மூன்று வருஷமாக எதிரில் நிற்கிறவன் முகம் எனக்குத் தெரியவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

“டேய், அந்தக் கல்லை வாங்கினவன் நான். அதுல அடிச்சு உருப்பட்டவன் நான். என்னைக் காப்பாத்தினவனை என்னைக் கேக்காம அது தண்டிக்குமா? எழுந்து சட்டையைப் போடு.”

மறுநாள் திருவள்ளூரில் கண் ஆஸ்பத்திரி. அவன் மனைவி தாயாரம்மாளும் வந்தது. அவனை உள்ளே கூட்டிப்போய் ஒரு மணி நேரமாகியும் விடவில்லை. கண் நரம்பு போயிருந்தால் பார்வை போனதுதான் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேறு சொல்லிவைத்தார். நான் பாதி ஜெபம் சொல்லுவேன், அடுத்த வரி மறந்துபோகும். மறுபடி முதலிலிருந்து சொல்லுவேன்.

டாக்டரம்மா அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். “நரம்பு நல்லாருக்கு. புரைதான், முத்திப் போயிருக்கு. ஆபரேஷன் பண்ணிட்டா பார்வை வந்துரும்.”

பாதியில் நின்ற ஜெபத்தை ஒரு வழியாக முடித்தேன். தாயாரம்மாள் அழும் என்று பார்த்தால் புருஷன் முதுகில் ஓர் அடி வைத்தது.

“பாருண்ணா இந்த ஆள! ரெண்டு வருசமா இடது பக்கம் நின்னு சிரிச்சா திரும்பிப் பாக்கறதே இல்ல. எவளையோ வெச்சிகினு இருக்குதுன்னு நான் மாரியம்மனுக்கு வேண்டிகினு கீறேன்!”

“எவ வருவா எனக்கு?” என்றான் அவன்.

“அதான, நானும் யோசிச்சேன்!”

அந்த வராந்தாவில் அப்படிச் சிரித்ததற்கு நர்ஸ் வந்து திட்டினார். திட்டட்டும்.

சுமலதா வந்தபோது மறைத்த இரண்டையும் நானே சொன்னேன். நோட்டில் ‘இடது கண் புரை, ஆபரேஷன் முடிந்தது’ என்று என் கையாலேயே எழுதிக் காட்டினேன். இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு, “டாக்டர் சீட்டு வாங்கிகினு வரட்டும் சார், இந்த இடத்துலயே நிக்கட்டும்” என்றார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், “உங்களுக்கும் கண்ணு டெஸ்ட் பண்ணுங்க” என்றார். எனக்கு எதற்கு என்றேன். பேனாவை மறுபடி மூடினார். சரி என்றேன்.

ஒன்றரை மாதம் கழித்துச் சீட்டோடு வந்தான் முனிகிருஷ்ணன். புதுப் பாதுகாப்புக் கண்ணாடி, குங்குமம், எல்லாம் ஆயிற்று. இரும்பு காய்ந்தது. நான் சுத்தியால் தட்டினேன். சம்மட்டி ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. மறுபடி தட்டினேன், மறுபடி தள்ளியே விழுந்தது.

“இன்னாடா ஆச்சு?”

“ரெண்டு கண்ணுலயும் தெரியுதா, பாத்து அடிக்கிறேன் மேஸ்திரி. பாத்தா சரியா வரல.”

“அப்ப பாக்காத, என் சுத்தியைக் கேளு!”

மூன்றாவது அடி நான் தட்டிய புள்ளி மேலேயே விழுந்தது. மதியத்துக்குள் நான்கு இடுக்கி முடித்தோம். டீ வந்ததும் அவன் சம்மட்டியைச் சாய்த்துவிட்டு வெளியே போனான். உறையைக் கழற்றிக் கல்லைப் பழையபடி திருப்பி வைத்திருந்தேன். கொம்பு அவனுக்கு இடது பக்கம். கிட்டே வந்ததும் இடுப்பை ஒடித்து, நாலு விரல் இடம் விட்டு ஒதுங்கிப் போனான். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.