மூன்றாம் நாள் நிறுத்திய இடம்

எங்கள் வீட்டுப் பாராயணத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஒன்பது நாள் வாசிக்க வேண்டும். எந்த நாளும் அமங்கலமான இடத்தில் புத்தகத்தை மூடக் கூடாது. யாராவது அடிபட்டால், செத்தால், நல்ல இடம் வரும்வரை விடாமல் வாசித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். மாமனார் இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். சுலோகம் சொல்லித் தமிழில் அர்த்தமும் சொல்வார். கொடூரமான இடம் வந்தால் மட்டும் சுலோகத்தோடு விட்டுவிடுவார். வடமொழியில் யாரை வெட்டினாலும் கூடத்தில் ஒருவருக்கும் வலிக்காது.

போன வருஷம் அவருக்குக் கண் ஆபரேஷன். புத்தகம் தெலுங்கு எழுத்தில் அச்சானது. என் கணவர் சென்னையில் படித்தவர், அவருக்கு அது வராது. சித்தூரில் தெலுங்கு மீடியம் படித்த நான், அந்த முறை திருப்பதி வீட்டுக் கூடத்தில் வாசிக்க உட்கார்ந்தேன்.

கேட்க நாத்தனாரும் இருந்தாள். அதற்கு மூன்று வாரம் முன்பு புத்தூரிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்தவள். காதுமடல் கிழிந்து தையல் போட்டிருந்தது. அவள் கணவர் கம்மலைப் பிடித்து இழுத்திருக்கிறார். "வெளையாட்டுக்குத்தான் இழுத்தேன், மாட்டிண்டுடுத்து" என்று போனில் சொன்னார். மாமனாரும், "பட்டாபிஷேகம் வாசிச்சு முடிச்சதும் அனுப்பி வைக்கறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அவள் கூந்தலை முன்னால் இழுத்துக் காதை மறைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை அந்தக் காடு வந்தது. ஒருத்தி தன் ஆசையைச் சொல்கிறாள். அண்ணன் தம்பியிடம் போகச் சொல்கிறான், தம்பி அண்ணனிடம் திருப்பி அனுப்புகிறான். இருவருக்கும் அவள் வேடிக்கை. ஆத்திரத்தில் அவள் அண்ணன் மனைவிமேல் பாய்கிறாள்.

"அர்த்தம் வேண்டாம், மேலே போ" என்றார் மாமனார்.

நான் சொன்னேன். மூக்கை அறுத்தார்கள், காதை அறுத்தார்கள், ரத்தம் ஒழுக அலறிக்கொண்டு ஓடினாள் என்று தமிழில் நிதானமாகச் சொன்னேன். பிறகு ஒரு துளசித் தளத்தை அடையாளம் வைத்துப் புத்தகத்தை மூடினேன்.

"இங்கே நிறுத்தப்படாதும்மா."

"இங்கேதான்ப்பா நிறுத்தப் போறேன்."

"அவ ராட்சசி. அத்து மீறினா, தண்டனை கெடச்சுது."

"அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் அவளை வெச்சு வெளையாடினாளே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"விடுங்கோ மன்னி" என்றாள் நாத்தனார் மெதுவாக.

நான் விடுவதாக இல்லை. காட்டில் வந்தவள் காமத்தின் உருவகம், அறுபட்டது அகங்காரம் என்றெல்லாம் உபன்யாசங்களில் கேட்டிருக்கிறேன். உருவகத்துக்கு ரத்தம் வராது. எனக்கு பக்தி குறைச்சல் இல்லை, தினமும் விளக்கேற்றிச் சேவிக்கிறேன். ஆனால் தெய்வத்தின் தம்பியே அறுத்தாலும் அது காதுதான். அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிய மாட்டேன், அந்த இடத்தைத் தாண்டவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன்.

மறுநாள் காலை மாமனார் பூதக்கண்ணாடியோடு தானே உட்கார்ந்தார். என்மேல் கோபம். துளசி வைத்த பக்கத்தில் எழுத்தெழுத்தாக ஊர்ந்தார். இத்தனை வருஷம் வேகமாகக் கடந்த சுலோகம் அன்று அவரை விடவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"எந்தக் காதும்மா?"

மூன்று வாரமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் கூந்தலை விலக்கி வலது காதைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோய்த் தையலைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை காரோடு வந்து நின்றார். மாமனார் அவரை உள்ளே கூப்பிடவில்லை.

"பாராயணம் இன்னும் முடியலை" என்றார்.

"எப்போ முடியும்?"

"நாங்க அனுப்பறதா இல்லை."

துளசி காய்ந்து அதே பக்கத்தில் இருக்கிறது. நாத்தனார் எங்களோடுதான் இருக்கிறாள். இப்போதெல்லாம் இரண்டு காதும் தெரிய கூந்தலைத் தூக்கிப் பின்னிக்கொள்கிறாள்.