எண்பத்து மூன்றாம் பக்கம்

மாரிசாமி சேருக்கு மூளை குழம்பிவிட்டதாம். தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய், தான் கொடுத்த புத்தகங்களைத் தானே கிழித்துக்கொண்டு வருகிறாராம். பசறை பஸ்ஸில் யாரோ சொல்லக் கேட்ட ஒரு பெண், பதுளையில் எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வந்தபோது அதை அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா கலாராணி மெல்பனுக்கு அழைத்து என்னிடம் சொன்னாள்.

"நெசமாவே கிழிச்சாராக்கா?"

"எனக்கென்னடி தெரியும்? கையில பிளேடு வச்சிருந்தாராம். நீதானே அந்தப் புத்தகம் நல்லதுன்னு சொன்னே. நீயே கேளு."

இவ்வளவு தூரத்தில் இருப்பவளுக்கு ஊரிலிருந்து வரும் எந்தச் செய்தியும் பாதியாகத்தான் வரும். மீதிப் பாதியை மனம் மோசமாகவே நிரப்பிக்கொள்ளும்.

மாரிசாமிக்கு ஐம்பத்தாறு வயது. தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் காற்றாடிகளுக்கு எண்ணெய் போடும் வேலைக்குப் போனார். அங்கே கரண்ட் வேலை பார்த்த ஒரு சிங்கள மேஸ்திரி, பாஸ் என்பார்கள், பிடி என்ற இடத்தில் பிடித்து, விடு என்றபோது விட்டுத் தொழில் கற்றார். ஒருநாள் விடு என்று சொல்ல பாஸ் பக்கத்தில் இல்லை. இடது கைச் சுண்டுவிரலின் மேல்பாதி அன்றோடு போனது. எங்கள் கடைக்கு வயரிங் செய்ய வந்த காலத்தில் நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். "ஒரு புத்தகம் இருந்திருந்தா இது இருந்திருக்கும் தங்கச்சி" என்பார், ஏதோ தொலைந்த சாவியைப் பற்றிச் சொல்வதுபோல.

பிறகு பதுளையில், ஒரு சிறிய சங்கம் மாடி அறையில் நடத்தும் பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீசியன் வேலை சொல்லிக்கொடுக்கப் போனார். பன்னிரண்டு வருடம் புத்தகமே இல்லாமல் வாயால் சொன்னார், கரும்பலகையில் வரைந்தார், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அவரவர் எழுதியது அவரவருக்கு ஒரு மாதிரி இருந்தது. கடைசியில் சங்கம் புத்தகம் வாங்கச் சம்மதித்தது. எதை வாங்குவது என்பதை அவரிடமே விட்டது. வாழ்க்கையில் முதன்முறையாகப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்த அன்று அவர் எனக்கு அழைத்தார்.

"மூணு புத்தகம் மேசையில இருக்கு தங்கச்சி. இங்கிலீசுப் புத்தகம் தலகாணி கனம். அத வச்சுத் தூங்கத்தான் முடியும். சிங்களப் புத்தகம் நம்ம நாட்டுது, சரியாத்தான் இருக்கும். ஆனா நம்ம புள்ளைங்க எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள கரண்டே போயிரும். மூணாவது சென்னையில இருந்து வந்தது. தமிழு. படிச்சா பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு."

"அப்ப அதையே வாங்குங்களேன் சேர்."

"வாங்கலாம். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத்து தெரியாது. நீங்க ரெண்டும் படிச்சவங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒண்ணையேதான் சொல்லுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

ஐந்தாம் வகுப்புவரை தமிழிலும் அதற்குமேல் சிங்களத்திலும் படித்தவள் நான். அவர் போனில் படம் பிடித்து அனுப்பிய பக்கங்களை இரண்டு வாரம், வேலை முடிந்து வந்து, வரிக்கு வரி ஒப்பிட்டேன். மின்னோட்டம், தடை, ஃபியூஸ், எர்த் எல்லாமே இரண்டிலும் ஒன்றுதான். எண்பத்து மூன்றாம் பக்கம் வெறும் படம். நான்கைந்து வயர்களை வரைந்து வண்ணம் பூசியிருந்தது. படத்தில் ஒப்பிட என்ன இருக்கிறது என்று தாண்டிவிட்டேன். தமிழ்ப் புத்தகம் நல்லது, வாங்குங்கள் என்று சொன்னேன். பயிற்சிக்கு வந்த பதினாறு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். பயிற்சி முடிந்து அவர்கள் வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது.

அக்கா சொன்ன மறுநாள் காலை அவரை அழைத்தேன். ஏதோ ஒரு பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"கிழிச்சது உண்மைதான் தங்கச்சி. கிழிக்கலை, அறுத்தேன். பிளேடு வச்சு, ஒரே ஒரு பக்கத்த."

நடந்தது இதுதான். அந்தப் பதினாறு பேரில் ஒரே பெண்பிள்ளை துஷ்யந்தி. பண்டாரவளையில் புதிதாகக் கட்டிய ஹோட்டலில் வேலை கிடைத்திருந்தது. போன மாதம் அவரை அழைத்திருக்கிறாள்.

"சேர், கறுப்பு வயர் கடிச்சிருச்சு."

"டெஸ்டர் வச்சுப் பாத்தியாம்மா?"

"கறுப்புக்கு எதுக்கு சேர் டெஸ்டர்? அது நியூட்ரல்னு புத்தகத்துல இருக்கே."

சிரித்துக்கொண்டே சொன்னாளாம். விரல் நுனி கொப்பளித்ததோடு போயிற்று. ஏணியில் நின்றிருந்தால் வேறு கதை. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டு எண்பத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பியிருக்கிறார். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் கரண்ட் வரும் வயர்கள். கறுப்பு, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல். அந்தப் புத்தகம் அதன் நாட்டுக்குச் சரியானதுதான். எங்கள் நாட்டிலும் பழைய வயரிங்கில் அப்படித்தான். இப்போது கட்டும் கட்டடங்களில் நீலம்தான் நியூட்ரல். மூன்று பேஸ், அதாவது மூன்று லைன் கரண்ட், வரும் பெரிய இடங்களில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றிலும் கரண்ட் ஓடும்.

"பயிற்சி நடந்தப்ப யாருக்குமே தெரியலையா சேர்?"

"எப்படித் தெரியும்? நம்ம வகுப்புல இருந்த வயரிங் போர்டு, தோட்டத்து பெக்டரியில கழட்டிப்போட்டதக் கேட்டு வாங்கினது. பழைய கலரு. புத்தகமும் போர்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போச்சு. லயத்து வீடுங்கள்லயும் பாதிக்கு மேல அதே பழசு."

"புதுக் கலர் நீங்க சொல்லிக் குடுக்கலையா?"

"குடுத்தேன். ஒரு வியாழக்கிழம மத்தியானம், வாயால. நான் சொன்னது காத்துல போச்சு. அச்சடிச்சது தங்கிருச்சு."

"அந்தப் பக்கத்தப் பாக்கலையா?"

"தெரிஞ்ச பக்கத்த எவன் பாப்பான் தங்கச்சி?"

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். முடியவில்லை.

"நானும் பாக்கல சேர். படந்தானேன்னு விட்டுட்டேன்."

"அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணியிருக்கோம்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட ஒரு தெம்பு வேண்டும், அது அவரிடம் மிச்சமில்லை.

முதலில் எண் கிடைத்தவர்களுக்கெல்லாம் போன் செய்துதான் பார்த்தாராம். "சரி சேர், சரி சேர்" என்றார்கள். ரமேஸ் மட்டும், "புத்தகத்துல வேற மாதிரி போட்டிருக்கே சேர், உங்களுக்கு மறந்துபோச்சா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகு அவருக்கு யாருடைய "சரி சேர்" மேலும் நம்பிக்கை இல்லை. சரியான கலர்களைத் தன் கையால் வரைந்து பதினாறு பிரதி எடுத்தார். கலர் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தீட்டினார். வகுப்பில்லாத நாட்களில் ஒரு பையில் பிளேடும் பசையும் போட்டுக்கொண்டு கிளம்பினார். தவறான பக்கத்தை அறுத்து எடுத்து, அந்த இடத்தில் புதியதை ஒட்டினார். ஒரு வீட்டில் புத்தகம் சாமிப் படத்துக்குப் பக்கத்தில், திருநீறு பூசி இருந்தது. "படிக்கிற புத்தகத்துல பிளேடு வைக்காதீங்க சேர், பாவம்" என்று அந்தத் தாய் குறுக்கே நின்றாள். "பாவம் என் கணக்குல போகட்டும்மா, புள்ள ஒங்க கணக்குல இருக்கட்டும்" என்று சொல்லி அறுத்தார். பஸ்ஸில் கதையாகப் போனது அதுதான் போலும்.

பதினான்கு முடிந்துவிட்டது என்றார் அன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினைந்தாவதையும் முடித்துவிட்டுச் செய்தி அனுப்பினார். "பிரவீனன் மட்டும் பாக்கி."

பிரவீனனின் பழைய போன் எண் வேலை செய்யவில்லை. பசறைக்கு அந்தப் பக்கம், பஸ் விட்டிறங்கி முக்கால் மணி நேரம் ஏற வேண்டிய லயத்தில் அவன் வீடு. மறுநாள் காலையிலேயே ஏறியிருக்கிறார். அவன் தாய் இராக்கம்மா கொழுந்து பறிக்க மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"புத்தகமா? அத இங்க விட்டுட்டுப் போவானா சேர்? சட்ட, துணிய மறந்தாலும் மறப்பான், அத மறக்கமாட்டான். வெலிமடைக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

"வெலிமடையில என்ன வேலைம்மா?"

"கேரட்டு, லீக்ஸெல்லாம் ஐஸ் போட்டு வைக்கப் பெருசாக் கட்டிடம் கட்டியிருக்காங்களாம்ல. இன்னைக்குத்தான் கரண்ட் குடுக்குறாங்க. பெரிய ஆளு வரல, நீயே போர்டு மாட்டுடான்னு மொதலாளி சொல்லிட்டாராம். ராத்திரி பூரா அந்தப் புத்தகத்தத்தான் படிச்சானாம். எல்லாம் நீங்க குடுத்த படிப்பு சேர்."

தேத்தண்ணி ஊற்றித் தருகிறேன் என்றாளாம். நிற்காமல் அவனுடைய புதிய எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினார். இறங்கிக்கொண்டேதான் என்னை அழைத்தார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு இடித்தது.

"நாலு தரம் அடிச்சிட்டேன். எடுக்குறான் இல்ல. இனி கீழ எறங்கி, பதுளைக்குப் போயி, வெலிமட பஸ்ஸப் புடிச்சு... மூணு மணி நேரமாவது ஆகும். வழியில வளைவுக்கு வளைவு சிக்னல் போயிரும். நீங்க அடிச்சுக்கிட்டே இருங்க."

"எடுத்தா என்ன சொல்றது? என்னை அவனுக்குத் தெரியாதே சேர்."

"ஒங்க பேரெல்லாம் வேணாம். மாரிசாமி சேர் சொன்னாரு, கறுப்புல கரண்ட் இருக்குன்னு சொல்லுங்க. மெயின நிறுத்திட்டு, நான் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருன்னு சொல்லுங்க. கேக்கலைன்னா திட்டுங்க. ரெண்டு பாஷையிலயும் திட்டுங்க."

எண் வந்தது. சமையலறை மேசையருகே நின்றபடியே அழுத்தினேன். மணி போனது. போன் உயிரோடு இருக்கிறது, சட்டைப்பையிலோ ஏணிக்குக் கீழே கிடக்கும் பையிலோ எங்கோ அடிக்கிறது. முடியும்வரை அடித்து நின்றது. மறுபடி அழுத்தினேன். வெளிநாட்டு எண் என்று எடுக்காமல் விடுகிறானோ என்று தோன்றியது. அக்காவையும் அழைக்கச் சொன்னேன். அவள் அழைத்தும் எடுக்கவில்லை. கறுப்பில் கரண்ட் இருக்கிறது, தொடாதே என்று தமிழில் ஒரு செய்தியும் அனுப்பினேன். படித்ததாகக் காட்டவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து மாரிசாமியிடமிருந்து ஒரு வரி வந்தது. "பதுளை வந்துட்டேன். எடுத்தானா?"

அவருடைய வரியை அப்படியே விட்டுவிட்டு, பிரவீனனின் எண்ணை இன்னொரு முறை அழுத்திக் காதில் வைத்தேன். மணி போய்க்கொண்டிருந்தது.