நம்ம காட்டு மயிலும் என் அம்பறாத்தூணியும்

வில்லுலயே மாட்டிக்கிற அம்பறாத்தூணி வாங்க ஒரு மாசமா ஆராய்ச்சி. என்னோட நெட்டை மரவில்லுக்குத் தோல்வார் வெச்சது நல்லதா, ரப்பர் பட்டை வெச்சதா?

இத்தனைக்கும் நான் விட்ட அம்பு வைக்கப்போர் மேலகூட ஒழுங்கா பட்டதில்லை.

இன்னிக்கு சென்னைக் கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"எங்க சார் பழகறீங்க?"

"நம்ம காட்டுலதாங்க."

"அங்க மிருகமெல்லாம் வருமா?"

"மயிலு தொல்லைதாங்க ஜாஸ்தி."

"சார், மயிலை அடிச்சா ஜெயிலு. உங்களுக்கு எதுவும் விக்க மாட்டேன்."

ராசிபுரத்துல காடுன்னா மரவள்ளி போட்ட நிலம்னு நான் சொல்றதுக்குள்ள போனை வெச்சுட்டார்.

பக்கத்துல கேட்டுட்டிருந்த என் ஊட்டுக்காரம்மா சிரிச்சுட்டே சொல்லுச்சு: "திருப்பிக் கூப்பிட்டு தைரியம் சொல்லுங்க. நீங்க குறி வெச்ச மயிலுக்கு ஆயுசு நூறுங்க."

தூணி வேணும்னா இதை என் வாயாலயே அவர்கிட்டச் சொல்லோணும். சொல்லட்டுங்களா?