கண்ணாடிச் சில்லில் சேவல் ரத்தம்

எனக்கு முறைக்காய்ச்சல் கண்ட வருஷம், எங்கள் வீட்டில் என் உயிருக்கு ஈடாக ஒரு சேவல் வளர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்து எனக்குப் பல் தந்தியடிக்க, அம்மா அதன் காலில் மஞ்சள் துணியைக் கட்டிக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டாள். பிள்ளையை விட்டுவிடு, இதை எடுத்துக்கொள் என்பது பேச்சு. எடையில் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, சாமிக்கு நஷ்டம் வராது என்று மாமா சொல்வார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. திண்டுக்கல்லுக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு போகிற நாள் போக, மற்ற நாளெல்லாம் எங்கள் தோட்டத்தில் யோசனை சொல்லிக்கொண்டிருப்பவர்.

மலேரியாவை ஒழித்தே தீருவது என்று சர்க்கார் கிளம்பியிருந்த காலம் அது. எங்கள் ஊரான அகரம் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் ஒரு இளைஞர் சைக்கிளில் வருவார். வீட்டுச் சுவரில் தேதி எழுதுவார். காய்ச்சல்காரர் இருந்தால் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்துப் போவார். புது ஆள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதைத் தண்ணீர் வாங்கிக் குடித்த வீட்டிலெல்லாம் சொல்லியிருந்தார்.

அவர் ஊசியை வெளியே எடுத்ததும், நான் வெங்காயம் சேர்த்துவைக்கும் பட்டறைக்கு அடியில் புகுந்துகொண்டேன். அங்கே பாம்பு கிடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாம்பு கொத்துமுன் யோசிக்கும், இந்த மனிதர் யோசிக்க மாட்டார் என்று பட்டது. அம்மா கெஞ்சினாள். அப்பா மிரட்டினார். சைக்கிள்காரர் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் காட்டினார். மிட்டாயை மட்டும் உள்ளே உருட்டிவிடச் சொன்னேன். உருட்டிவிட்டார். அவ்வளவு நல்லவர்.

கடைசியில் மாமா ஒரு வழி சொன்னார். சில்லைக் கொடுத்துவிட்டு மற்ற தோட்டங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், பயல் வெளியே வந்ததும் நானே குத்தி எடுத்துவைக்கிறேன் என்றார். சில்லைக் கைமாற்றக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொடுத்துவிட்டார்.

சைக்கிள் மறைந்ததும் மாமா சேவலைப் பிடித்தார். அம்மா பதறிக்கொண்டு வந்தாள்.

“ஏக்கா, இவனுக்குப் பதிலா இந்தச் சேவலைக் கருப்பசாமியே ஒத்துக்கிட்டாரு. மலேரியா ஆபீசு அவரைவிடப் பெருசா?”

அம்மா கருப்பசாமி இருந்த திசையில் கும்பிட்டுவிட்டு ஒதுங்கினாள். கருவேல முள்ளால் கொண்டையில் ஒரு குத்து. பட்டறைக்கு அடியில் கிடந்த என்னைச் சேவல் ஒரு பார்வை பார்த்தது. அதில் கொஞ்சமும் மரியாதை இல்லை.

திரும்பி வந்தவர் சில்லைப் பார்த்து மகிழ்ந்துபோய், பையன் ரொம்ப அழுதானா என்று கேட்டார்.

“லேசாக் கூவுனான்” என்றார் மாமா.

கசப்பு மாத்திரை மட்டும் நியாயமில்லாமல் எனக்கு வந்தது. காய்ச்சல் விட்டுப்போனது. அம்மா அதைச் சாமி கணக்கில் சேர்த்தாள். ஆனால் முதல் சொட்டைச் சர்க்காருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சாமிக்குக் கொடுக்கலாமா என்ற கவலை அவளைப் பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நாளில், எங்கள் வண்டிப்பாதையில் முதன்முதலாக ஒரு ஜீப் வந்தது. பெரிய அதிகாரி ஒருவர் இறங்கினார். பின்னால் நம் சைக்கிள்காரர் இறங்கினார். தோளில் பை இல்லை.

மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கோழி ரத்தத்தின் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் ஒரு புள்ளி தெரியுமாம், மனித ரத்தத்தின் சிவப்பு அணுவில் தெரியாதாம். சாமி கண்டுகொள்ளாத வித்தியாசத்தை ஆபீஸ் கண்டுகொண்டுவிட்டது.

“வீட்டுல உக்காந்து கோழிய அறுத்துக்கிட்டே கணக்கு எழுதியிருக்கான்” என்றார் அதிகாரி. “இவன் இங்க வந்தானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. வரலைன்னா இன்னையோட இவனுக்கு வேலை இல்ல.”

சில்லைக் கைமாற்றியதைச் சைக்கிள்காரர் சொன்னால் அதுவும் குற்றம். சர்க்காரை ஏமாற்றினால் ஜெயில் என்று அப்பா தரையைப் பார்த்தார். யோசனைக்கார மாமா கிணற்றைப் பார்த்தார். அம்மாதான் முன்னால் வந்தாள்.

“அந்தத் தம்பி வந்துச்சுங்கய்யா. புள்ளை பயந்து ஒளிஞ்சுக்கிருச்சு. எந்தம்பிதான் சேவலைக் குத்திக் குடுத்தான். அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

பரிதாபப்பட்டு இட்டுக்கட்டுகிறாள் என்று நினைத்து அதிகாரி அதை நம்பவில்லை. ஆகவே சேவலையே சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று. அது ஜீப்பை வலம்வந்து, மாமாவை வேலிமுள்ளில் விழவைத்து, அப்புறம்தான் அகப்பட்டது. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து அதன் கொண்டையைத் தடவிப் பார்த்தார். பொருக்கு இருந்தது. மாமா மெல்ல நெருங்கி, அத்தனை நாளும் தன்னை அரித்துக்கொண்டிருந்த சந்தேகத்தைக் கேட்டார்.

“அய்யா, அப்ப சேவலுக்கு மலேரியா இருக்குதுங்களா?”

அதிகாரி செத்த நேரம் வேறு பக்கம் திரும்பி நின்றார். சைக்கிள்காரர் பக்கம் திரும்பியபோது முகம் பழையபடி கடுமையாகிவிட்டிருந்தது.

“சரி. இப்ப என் கண்ணு முன்னால அந்தப் பையன்கிட்ட ரத்தம் எடு. எடுத்துட்டா உனக்கு வேலை தெரியும்னு நம்புறேன். இல்லைன்னா நீ ஊருக்கு பஸ் ஏறிரு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் நான் பட்டறைப் பக்கம் பாதி தூரம் போயிருந்தேன். இந்த முறை யாரும் கெஞ்சவில்லை. மிட்டாயும் இல்லை. சைக்கிள்காரர் என்னைப் பார்த்தபடி சும்மா நின்றார். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஜீப் டிரைவர்தான் சலிப்போடு குரல் கொடுத்தார்:

“ஏலே, விரலை நீட்டிட்டு வா. ஹாரன் அடிக்க விடுறேன்.”

நீட்டினேன். வீரம், இரக்கம் என்றெல்லாம் பின்னாளில் இதைச் சொல்லும்போது சேர்த்துப் பார்த்ததுண்டு. ஹாரன்தான்.

சைக்கிள்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் விரலைப் பஞ்சால் துடைத்தார். ஊசியைப் பிடித்த கை கிடுகிடுவென்று ஆடியது. எனக்குப் பாவமாகிவிட்டது.

“பயப்படாதீங்கண்ணே, வலிக்காது” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரிகூடச் சிரித்தார். சைக்கிள்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ரத்தத்தைச் சில்லில் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் என் விரலை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். ஊசிக்கு இம்புட்டுப் பயப்படுகிற ஆள் எதற்காக இந்த உத்தியோகத்துக்கு வந்தார் என்று நினைத்தபடியே, விரலை உருவிக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினேன்.